மெய்ஜி ஜப்பானை மாற்றியது அரசா, பட்டுநூலா?

பொருளியல் வாத்தியார்:

மேல்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஜப்பானைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம், ‘1868-இல் ஆட்சி மெய்ஜி பேரரசரின் கைக்கு மாறிய பிறகு அரசு மேலைநாட்டு இயந்திரங்களை வரவழைத்து நாட்டைத் தொழில்மயமாக்கியது’ என்ற ஒரே வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுவேன். அந்த வாக்கியம் பொய்யில்லை. ஆனால் இயந்திரம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று மாணவர்களைக் கேட்கவிடாமல் அது கதவைச் சாத்திவிடுகிறது. அதைத் திறந்து பார்க்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அன்றைய ஜப்பானின் கை எவ்வளவு கட்டப்பட்டிருந்தது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1858-இல் வல்லரசுகளோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களும் 1866-இல் அதன்மேல் வந்த உடன்படிக்கையும் இறக்குமதி வரியை ஏறக்குறைய 5 விழுக்காட்டில் முடக்கிவிட்டன. சுங்க வரியைத் தானே தீர்மானிக்கும் உரிமை 1911-இல்தான் முழுமையாகத் திரும்பக் கிடைத்தது. ஆகவே வரிச்சுவர் எழுப்பி உள்நாட்டுத் தொழிலைக் காக்க வழியில்லை. வெளிநாட்டுக் கடனையும் அரசு அஞ்சியது: 1870-இலும் 1873-இலும் லண்டனில் வாங்கிய இரண்டு கடன்களோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த கால் நூற்றாண்டு வரை அந்தப் பக்கமே போகவில்லை. அப்படியானால் தண்டவாளத்துக்கும் நீராவி எந்திரத்துக்கும் ஆங்கிலப் பவுனில் விலை கொடுத்தது எது? உள்நாட்டில் உழவர்கள் ரொக்கமாகக் கட்டிய நிலவரி, வெளிநாட்டில் யோக்கோஹாமா துறைமுகம் வழியே விற்ற பட்டுநூல். 1859-இல் அந்தத் துறைமுகம் திறந்த நேரத்தில் ஐரோப்பாவின் பட்டுப்புழுக்களைப் பெப்ரின் நோய் அழித்துக்கொண்டிருந்ததால், பிரான்சும் இத்தாலியும் ஜப்பானிய நூலையும் புழு முட்டைகளையும் தேடி வந்தன. தேயிலை, நிலக்கரி, செம்பு எல்லாம் பட்டுக்குப் பின்னால்தான்.

ஆகவே, அந்த மாற்றத்தின் முதல் அச்சாணி அரசு அலுவலகத்தில் இல்லை, பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கக் கொதிநீர்த் தொட்டியின் முன் உட்கார்ந்திருந்த பெண்ணின் விரலில் இருந்தது என்று வாதிடுகிறேன். மறுப்பவர்கள் மறுக்க வேண்டும்.

தண்டவாளம்:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பதால் என் சார்பு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. பட்டு பணம் கொண்டுவந்ததை நானும் ஏற்கிறேன், ஆனால் பணம் மட்டும் வந்திருந்தால் அது வணிகர்களின் பெட்டியில் தூங்கியிருக்கும் என்பதுதான் என் மறுப்பு.

1854-இல் இரண்டாம் முறை வந்த அமெரிக்கத் தளபதி பெர்ரி, உண்மை அளவில் நாலில் ஒரு பங்கான ஒரு நீராவி ரயில் மாதிரியையும் தந்திக் கருவியையும் பரிசாகக் கொண்டுவந்து யோக்கோஹாமாவில் ஓட்டிக் காட்டினார். அதிகாரி ஒருவர் அந்தச் சின்னப் பெட்டியின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து சுற்றி வந்த காட்சி பதிவாகியிருக்கிறது. அதிலிருந்து 18 ஆண்டுகளில், 1872 அக்டோபரில், தோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோக்கோஹாமாவுக்கும் இடையே 29 கிலோமீட்டர் ரயில் ஓடியது. கால்நடையாக ஒரு நாளை விழுங்கிய பயணம் 53 நிமிடமாகச் சுருங்கியது. அந்தப் பாதைக்கு முன்னமே, 1870-இன் தொடக்கத்தில், தோக்கியோவுக்கும் யோக்கோஹாமாவுக்கும் தந்தி வேலை செய்தது. இதை எந்த வணிகரும் அன்று துணிந்து செய்திருக்க மாட்டார். அரசே பத்து லட்சம் பவுன் கடன் வாங்கி, எட்மண்ட் மோரெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளரை முதன்மைப் பொறுப்பில் வைத்துச் செய்தது. பாதை திறக்கும் முன்பே, 1871-இல், மோரெல் நோயில் இறந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற அறிவுரைகளில் முக்கியமானது, வெளிநாட்டாரை என்றைக்கும் நம்பியிராமல் சொந்தப் பொறியாளர்களை உருவாக்குங்கள் என்பது.

அரசு அதைக் காதில் வாங்கிக்கொண்டது. 1873-இல் ஹென்றி டயர் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் தலைமையில் பொறியியல் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. வெளிநாட்டு நிபுணர்களில் சிலருக்கு அமைச்சர்களுக்கு நிகரான சம்பளம் கொடுத்தார்கள், ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் அந்த இடத்தில் தங்கள் மாணவரை உட்காரவைத்தார்கள். இந்தப் பொறுமையான ஏற்பாட்டைப் பட்டுப்புழு செய்யவில்லை.

பட்டுக்கூடு:

நாங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் மூன்று தலைமுறையாகப் புழு வளர்க்கிறோம். என் பெரியம்மா நூற்புக்கூடத்தில் வேலை செய்தவர். அவருடைய விரல்நுனிகள் எப்போதும் ஊறிய சுண்டல்போல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். ஆகவே வாத்தியார் ஐயா குறிப்பிட்ட அந்த விரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கூட்டைச் சுடுநீரில் போட்டால் இழைகளை ஒட்டியிருக்கும் பசை இளகும். மேலே இருக்கும் சிக்கலை நீக்கி, இழையின் மெய்யான நுனியைக் கண்டுபிடித்து, ஐந்தாறு கூடுகளின் நுனிகளைச் சேர்த்து ஒரே நூலாக ராட்டைக்கு ஏற்ற வேண்டும். ஒரு கூட்டின் இழை தொடக்கத்தில் தடித்தும் முடிவில் மெலிந்தும் இருக்கும், ஆகவே ஒன்று மெலியும் தறுவாயில் அடுத்த கூட்டின் நுனியை எறிந்து ஒட்டவைக்காவிட்டால் நூல் சீராக வராது. கண்ணும் விரலும் ஒருநொடி அயர்ந்தாலும் அந்த இடம் நூலில் நிரந்தரமாக நின்றுவிடும். வாங்குபவர் கண்ணில் முதலில் படுவதும் அந்த இடம்தான்.

ஜப்பானிய நூலின் பெயர் 1860-களில் கெட்டதற்கு இதுவே காரணம். தேவை பெருகியதும் கைராட்டையில் அவசர அவசரமாகச் சுற்றிய, தடிமன் ஒத்துவராத நூல் கப்பலேறியது. அதைச் சரிசெய்யத்தான் அரசு 1872-இல் குன்மா மாவட்டத்துத் தொமியோக்காவில் மாதிரி நூற்பாலையைக் கட்டியது. போல் புரூனா என்ற பிரெஞ்சுக்காரர் திட்டமிட்டார்; 300 தொட்டிகள் ஒரே கூரையின் கீழ்; அன்றைக்கு உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. செங்கல் என்ற பொருளே அந்த ஊருக்குப் புதிது என்பதால், கூரை ஓடு சுடும் உள்ளூர்க் குயவர்களைக் கொண்டே செங்கல் சுட்டார்கள். மரச்சட்டம் நாட்டி இடையில் செங்கல் அடைத்த அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 2014-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

ஆலை தயாரான பிறகு வேலைக்குப் பெண்கள் வரவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் சிவப்புத் திராட்சை மது அருந்துவதைப் பார்த்தவர்கள், அவர்கள் கன்னிப்பெண்களின் இரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்று வதந்தி கிளப்பிவிட்டார்கள். ஆலையின் முதல் தலைவர் ஒடாக்கா அட்சுத்தாதா தன் மகளையே முதல் தொழிலாளியாகச் சேர்த்த பிறகுதான் மற்ற வீடுகளின் அச்சம் சற்று விலகியது. வந்தவர்களில் பலர் சாமுராய்க் குடும்பத்துப் பெண்கள். ஏறக்குறைய 8 மணி நேர வேலை, ஞாயிறு விடுமுறை. கற்றுக்கொண்டதும் ஊர் திரும்பி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாட்சுஷிரோ ஊரிலிருந்து 1873-இல் போன யோக்கோத்தா எய் அப்படித்தான் திரும்பிவந்து, அடுத்த ஆண்டே தன் ஊரில் எழுந்த ரொக்கோஷா ஆலையில் ஆசிரியை ஆனார்.

தண்டவாளம் ஐயா கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தொமியோக்கா லாபம் ஈட்டுவதில் தடுமாறியது. 1893-இல் அரசு அதை மிட்சுயி நிறுவனத்திடம் விற்றுவிட்டது. நாட்டை நூலால் நிரப்பியவை நாகானோ மலைநாட்டில், சுவா ஏரியைச் சுற்றி எழுந்த சிறு ஆலைகள். அவர்கள் இத்தாலிய முறையையும் பிரெஞ்சு முறையையும் கலந்து, இரும்புக்குப் பதில் மரத்தையும் உலோகத் தொட்டிக்குப் பதில் சுட்ட மண் தொட்டியையும் வைத்து, நீர்ச்சக்கரத்தால் ராட்டையைச் சுழற்றினார்கள். தொமியோக்காவின் செலவில் மிகச் சிறிய பகுதியே ஆயிற்று. உள்ளூர்த் தச்சரும் குயவரும் பழுது பார்க்கக்கூடிய இயந்திரம் என்பதால்தான் அது ஊர் ஊராகப் பரவியது.

இன்னொரு கண்டுபிடிப்பை யாரும் பேசுவதில்லை. மலைப்பாறைகளின் இடுக்கிலிருந்து கோடையிலும் குளிர்காற்று வீசும் இடங்களில் அறை கட்டி, புழு முட்டைகளை அங்கே அடுக்கிவைத்து, பொரிப்பதைத் தள்ளிப்போட்டார்கள். வசந்தத்தில் மட்டும் வளர்த்தவர்கள் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் வளர்க்க முடிந்தது. நெல் வேலை இல்லாத வாரங்களில் அதே வீடு, அதே கைகள், கூடுதலாக ஒரு விளைச்சல். முட்டைத் தொகுதி வாங்கிவந்து இளம்புழு வளர்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும்.

பொருளியல் வாத்தியார்:

அம்மா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். குளிர்காற்று அறையைப் பற்றி நான் வகுப்பில் ஒரு சொல்கூடச் சொன்னதில்லை.

ரிங்பிரேம்:

கோவை வட்டாரத்துப் பஞ்சாலைகளில் முப்பத்தொரு ஆண்டு ஃபிட்டராக இருந்தவன் நான், ஆகவே பஞ்சைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் கதையில் அரசு தோற்ற இடமும், ஒரு துறவியின் இயந்திரமும், பெரிய ஆலையின் வெற்றியும் அடுத்தடுத்து வருகின்றன.

அரசு முதலில் இங்கிலாந்திலிருந்து 2,000 கதிர்கள் (நூலை முறுக்கிச் சுற்றும் தண்டுகள்) கொண்ட இயந்திரத் தொகுதிகளை வாங்கி ஆங்காங்கே ஆலைகள் நடக்க உதவியது. கதிர் எண்ணிக்கை மிகக் குறைவு, ஆற்றுநீரை நம்பிய ஓட்டம், பழுது பார்க்கத் தெரிந்தவர் இல்லை. அவை நொண்டிக்கொண்டே இருந்தன. அதே காலத்தில் நாகானோவைச் சேர்ந்த, முன்பு புத்தத் துறவியாக இருந்த காவுன் தொக்கிமுனே தானே ஓர் இயந்திரம் செய்தார். தகரக் குழாயில் பஞ்சை அடைத்து, குழாயைச் சுழற்றி, மேலிருந்து நூலை இழுப்பது அதன் வேலை. நூலில் முறுக்கு மிகுந்து இழுவை கூடினால் குழாய் தானாக மேலெழும்பிச் சுழற்சி நின்றுவிடும், இழுவை குறைந்தால் கீழிறங்கி மீண்டும் சுழலும். எடையைக் கொண்டு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் அந்த அமைப்பின் படத்தைப் பார்த்தபோது என் தொழிலின் மேல் எனக்கே புது மரியாதை வந்தது. ஓடும்போது எழும் ‘கரகர’ ஓசையால் அதற்குக் காராபோ என்று பெயர். 1877-இல் உவேனோவில் நடந்த முதல் தேசியத் தொழிற்கண்காட்சியில் அது உயர்ந்த பரிசைப் பெற்றது. ஆனால் காப்புரிமைச் சட்டம் 1885-இல்தான் வந்தது. அதற்குள் தச்சர்கள் எல்லாரும் பார்த்துச் செய்துவிட்டார்கள், காவுனுக்கு அதனால் செல்வம் சேரவில்லை. மிக்காவா பகுதியில் ஆற்றில் படகுகளை நிறுத்தி, பக்கவாட்டில் சக்கரம் பொருத்தி, படகுக்குள்ளேயே காராபோவை ஓட்டினார்கள்.

பெரிய மாற்றம் 1883-இல் ஓடத் தொடங்கிய ஒசாக்கா நூற்பாலையில் வந்தது. வங்கியாளர் ஷிபுசாவா எய்ச்சி பங்குமுதல் திரட்டினார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த யமனோபே தாக்கேயோவை ஆலைத்தொழில் கற்கும்படி மான்செஸ்டர் பக்கம் அனுப்பினார். 10,500 கதிர்கள், நீராவி எந்திரம், பகலும் இரவும் ஓட்டம். எண்ணெய் விளக்கில் பஞ்சு தீப்பற்றும் ஆபத்து இருந்ததால் 1886-இல் மின்விளக்கு போட்டார்கள். மின்சாரம் பஞ்சாலைக்குள் முதலில் வந்தது இரவு வேலைக்காக என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அடுத்ததுதான் என் துறை. மியூல் என்ற பழைய வகை நூற்பு இயந்திரத்தைக் கைவிட்டு 1889-ஐ ஒட்டி வேகமாக ரிங் என்ற புது வகை நூற்பு இயந்திரத்துக்கு மாறினார்கள். மியூலுக்குத் தேர்ந்த கை வேண்டும், ரிங்குக்குச் சில மாதப் பழக்கம் போதும். ஆனால் குட்டை இழைப் பஞ்சு ரிங்கில் அடிக்கடி அறுந்துபோகும். அதற்கு அவர்கள் கண்ட வழி கலப்பு: விலை மலிவான இந்தியப் பஞ்சோடு நீள இழை அமெரிக்கப் பஞ்சைக் கணக்காகச் சேர்த்தார்கள். மிக்ஸிங் சரியாக அமைந்தால் பாதி ஆலை தானாக ஓடும் என்று எங்கள் பழைய மேஸ்திரி சொல்வார். அதை அவர்கள் ஒரு நாட்டின் அளவில் செய்துகாட்டினார்கள். 1893-இல் டாட்டாவோடு கைகோத்து நிப்போன் யூசென் கப்பல் நிறுவனம் பம்பாய்க்கும் கோபேக்கும் கப்பல் விட்டது, பஞ்சின் கப்பல் கட்டணம் சரிந்தது. 1890-இல் உள்நாட்டு நூல் உற்பத்தி இறக்குமதியைத் தாண்டியது. 1897-இல் ஏற்றுமதி இறக்குமதியைத் தாண்டியது. பம்பாய் ஆலைகள் சீனச் சந்தையில் எதிரே கண்ட போட்டியாளர், அவர்கள் நாட்டுப் பஞ்சிலேயே நூற்றவர்.

தண்டவாளம்:

ரிங்பிரேம் அண்ணன் சொன்னவற்றிலேயே அரசின் கை தெரிகிறது. காப்புரிமைச் சட்டம் தானாக வரவில்லை. நூல் ஏற்றுமதி வரியை 1894-இலும் பஞ்சு இறக்குமதி வரியை 1896-இலும் நீக்கியதும் அரசே. மலைநாட்டுப் பட்டு துறைமுகத்துக்கு எப்படி வந்தது? 1884-இல் தோக்கியோவிலிருந்து குன்மாவின் தக்காசாக்கி வரை பாதை போட்டார்கள், மறு ஆண்டு அதை யோக்கோஹாமா பாதையோடு சேர்க்கும் ஷினாகாவா இணைப்பு முடிந்ததும் பட்டு மூட்டை யோக்கோஹாமா வரை தண்டவாளத்திலேயே போனது. ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது: அந்தப் பாதையை அமைத்த நிப்போன் ரயில் நிறுவனம் 1881-இல் தொடங்கிய தனியார் நிறுவனம், அரசு உத்தரவாதமும் உதவியும் கொடுத்தது. இங்கே என் முதல் பதிவின் சூட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

வரலாற்று மாணவி:

நீங்கள் அனைவரும் பெரியவர்கள், எனக்கு ஒரு மனக்குறை இருப்பதைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். அரசா பட்டா என்று பேசும்போது, விலை கொடுத்தவர்கள் பட்டியலின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

1873-இல் வந்த நிலவரி, நிலத்தின் மதிப்பில் 3 விழுக்காடு. விளைச்சல் பொய்த்தாலும் நெல்லாக அல்ல, பணமாகக் கட்ட வேண்டும். எதிர்ப்பு வெடித்ததால் 1877-இல் அது 2.5 ஆகக் குறைந்தது. பிறகு நிதியமைச்சர் மாட்சுகாட்டா மசயோஷி, 1881 முதல், அளவுமீறி அச்சடித்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார். 1882-இல் ஜப்பான் வங்கி பிறந்தது, பண மதிப்பு நிலைபெற்றது. பாடநூல்கள் இதைச் சாதனை என்று எழுதுகின்றன. அந்த ஆண்டுகளில் அரிசி விலையும் பட்டு விலையும் விழுந்தன, வரியும் வட்டியும் விழவில்லை. கடனில் நிலத்தை இழந்து குத்தகைதாரர் ஆனவர்கள் ஏராளம். 1884 நவம்பரில் சிச்சிபு மலைப்பகுதியின் பட்டு விவசாயிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு, வட்டிக்காரர்களின் வீடுகளில் இருந்த கடன் பத்திரங்களை எரித்தார்கள். படை வந்து அடக்கியது, தலைவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அரசுச் சுரங்கங்களும் கப்பல் தளங்களும் தனியார் கைக்குப் போனதும் அதே பத்தாண்டில்தான்: நாகசாக்கிக் கப்பல் தளம் 1887-இல் மிட்சுபிஷிக்கு, மீக்கே நிலக்கரிச் சுரங்கம் 1888-இல் மிட்சுயிக்கு.

தொமியோக்காவின் 8 மணி நேரத்தைச் சொன்ன அக்கா, சுவா ஆலைகளின் 13, 14 மணி நேரத்தையும் சொல்லியிருக்க வேண்டும். தந்தை முன்பணம் வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தில் முத்திரை வைப்பார், மகள் விடுதியில் தங்கி அதை உழைத்துக் கழிப்பாள். ஹிடா பகுதிச் சிறுமிகள் 1,672 மீட்டர் உயர நோமுகி கணவாயைப் பனியில் நடந்து கடந்து போனார்கள். கூலியிலும் ஒரு பொறி இருந்தது: மொத்தக் கூலித் தொகையை மாற்றாமல் வைத்துக்கொண்டு, நூலின் தரத்தால் ஒருவருக்கொருவர் போட்டியிடவைத்து வரிசைப்படுத்தினார்கள். ஒருத்தி மேலேறினால் இன்னொருத்தியின் கூலி இறங்கும். 1886 ஜூனில் கோஃபு நகரத்து அமெமியா பட்டாலைப் பெண்கள் வேலை நேர நீட்டிப்பையும் கூலிக் குறைப்பையும் எதிர்த்து வெளியேறினார்கள். ஜப்பானின் முதல் ஆலை வேலைநிறுத்தம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். தொழிற்சாலைச் சட்டம் 1911-இல் நிறைவேறி, நடைமுறைக்கு வர 1916 ஆனது.

ரிங்பிரேம்:

தங்கச்சி எழுதியதைப் படித்தபின் எனக்கு உறக்கம் வரவில்லை. நான் வேலை பார்த்த ஓர் ஆலையிலும் விடுதிப் பெண்கள் இருந்தார்கள். மூன்று ஆண்டு முடித்தால் திருமணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஏஜெண்டு ஊரில் பேசி அழைத்துவருவார். சைடராக (ரிங் இயந்திரத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்பவராக) நின்ற ஒரு பெண் மூன்றாம் ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கையில் காய்ச்சலில் ஊருக்குப் போனாள், ‘தொடர்ச்சி இல்லை’ என்று சொல்லித் தொகையைக் கொடுக்கவில்லை. நான் அப்போது வாய் திறக்கவில்லை. ரிங் இயந்திரத்துக்குச் சில மாதப் பழக்கம் போதும் என்று மேலே பெருமையாக எழுதியிருக்கிறேன். ஆளை எளிதாக மாற்றலாம் என்பதுதான் அதன் மறுபக்கம்.

புதிய உறுப்பினர்:

எஃகைப் பற்றி யாரும் பேசவில்லையே? தொழில்மயம் என்றால் முதலில் எஃகு அல்லவா?

பொருளியல் வாத்தியார்:

ஜப்பானில் வரிசை அப்படி அமையவில்லை. யாவாத்தா அரசு எஃகு ஆலை 1901-இல்தான் தொடங்கியது, சீனாவோடு நடந்த போருக்குப் பின் 1895-இல் பெற்ற இழப்பீட்டுப் பணமும் அதன் பின்னணியில் இருந்தது. அதுவரை கனரக இயந்திரங்களும் தண்டவாளங்களும் பெரும்பாலும் இறக்குமதியே. செம்பில் அவர்கள் முந்தினார்கள், ஆனால் அஷியோ சுரங்கத்தின் கழிவு வத்தராசே ஆற்றை நஞ்சாக்கி வயல்களைக் கெடுத்தது. நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அதற்காகப் போராடிய தனாக்கா ஷோசோ, 1901 டிசம்பரில் பேரரசரின் வண்டியை மறித்து மனுக் கொடுக்க முயன்றார். மாணவி சொல்லும் விலைப்பட்டியலில் இதையும் சேர்க்கிறேன். என் முதல் பதிவில் நிலவரியை அரைவரியில் எழுதிக் கடந்தது தவறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பட்டுக்கூடு:

மாணவி கேட்டது நியாயம். சிறு ஆலைகளின் சிக்கனத்தைப் புகழ்ந்தவள் நான்தான். அந்த நெருக்கடி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

1880-களில் ஜப்பானியப் பட்டின் பெரிய வாடிக்கையாளராக அமெரிக்கா ஆகிவிட்டது. நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரம் போன்ற இடங்களில் விசைத்தறிகள் ஓடின. கைத்தறிக்காரர் நூலில் ஒரு மெலிவு வந்தால் கையை நிறுத்தி முடிந்துகொள்வார், விசைத்தறி நிற்காது, நூல் அறும். அறுந்த ஒவ்வொரு இழையும் அங்கே கூலி நஷ்டம் என்பதால் வாங்குபவர்கள் சீர்மையை மட்டுமே கேட்டார்கள். ஈரக்காற்று மிகுந்த ஜப்பானில், சுற்றிய நூல் ராட்டையிலேயே ஒட்டிக்கொள்ளும், ஆகவே சிறு ராட்டையில் சுற்றியதைப் பெரிய ராட்டைக்கு மறுபடி சுற்றும் பழக்கம் நிலைத்தது. எங்கள் பக்கத்து நூற்புக்கூடங்களிலும் மறுசுற்று உண்டு, பெரியம்மா கடைசி ஆண்டுகளில் பார்த்தது அந்த வேலைதான். சிறு ஆலைகள் கூட்டாகச் சேர்ந்து மறுசுற்றை ஓரிடத்தில் நடத்தி, அங்கேயே தரம் பிரித்து, ஒரே முத்திரையில் அனுப்பின. 1896-இல் யோக்கோஹாமாவில் அரசு பட்டுப் பரிசோதனை நிலையம் திறந்தது. 1909 வாக்கில் ஜப்பான் சீனாவை முந்தி உலகின் முதல் பட்டுநூல் ஏற்றுமதி நாடானது.

அந்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து கணக்கு திரும்பிவரும் இடம் தொட்டியடிதான். சுவாவில் ஒவ்வொரு பெண்ணும் சுற்றிய நூல் அவளுடைய எண்ணோடு தனியாகச் சோதிக்கப்படும். தடிமன் மாறியிருந்தால் அபராதம், கூலியில் கழிப்பு. எங்கள் பெரியம்மாவின் கூடத்திலும் ஒரு கறுப்புப் பலகை இருந்தது. அதன்மேல் நூலை நெருக்கமாகச் சுற்றிவைத்து, வெளிச்சத்தில் சாய்த்து, யாருடைய நூலில் பட்டை விழுந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். தன் பலகையைப் பார்க்கும்போது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.